மீன் குட்டைக்கு பறவை வலை போடலாமா? என்னோட ரிவ்யூ (5க்கு 4)

எங்களுது தஞ்சாவூர் பக்கம், கட்லா ரோகு மிர்கால்னு கெண்டை இனத்து மீன் மூணும் கலந்து விட்ட குட்டை. மேல போட்டிருக்கிறது கறுப்பு கலர் ஹெச்.டி.பி.இ (கெட்டி பிளாஸ்டிக்) வலை, வெயில்ல நூல் கெடாம இருக்க யூவி ட்ரீட்மென்ட் பண்ணுனது, கண்ணி (வலை ஓட்டை) ரெண்டு இஞ்ச். ஒரு கோடை ஒரு மழை தாண்டிடுச்சு, நூல் எங்கயும் பொடியல.

"நாலு நீர்க்காகம் எத்தன மீன தின்னுடும், அதுக்குப் போய் இவ்ளோ செலவா"ன்னு கேக்குறாங்க. தின்ன மீன மட்டும் கணக்கு பண்ணுனா இந்த வலை கட்டுபடியாகாதுதான். ஆனா தப்பிச்ச மீனுக்கு என்ன ஆகுதுன்னு யாரும் பாக்குறதில்ல, நஷ்டமே அங்கதான் இருக்கு.

நீர்க்காகம் கூட்டமா எறங்கி முங்கி முங்கி தொரத்துறப்ப மீன் உடம்புல மொதல்ல அட்ரினலின் ஏறும், செவுள்ல ரத்த ஓட்டம் கூடும், ரத்தத்துல சர்க்கரை ஏறும், அப்புறம் தலைச் சிறுநீரகத்துலேர்ந்து (செவுளுக்குப் பின்னால இருக்குற உறுப்பு) கார்டிசால்ங்கிற மன அழுத்த ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கும். ஓடித் தப்பிக்க இதெல்லாம் வேணும், எப்பவாவது ஒரு தடவைன்னா சில மணி நேரத்துல அடங்கிடும். தெனம் காலைலயும் சாயங்காலமும் இதே தொரத்தல்னா உடம்பு நிதானத்துக்கு வரவே நேரம் இல்ல, பசி போகும், வளர்ச்சிக்குப் போக வேண்டிய தெம்பு பயத்துலயே தீரும், நோய் எதிர்ப்பு சக்தி கொறையும். இதுல நன்னீர் மீனுக்கு கூடுதல் கஷ்டம், செவுள்ல ரத்தம் வேகமா ஓடுறப்ப உடம்பு உப்பு வெளிய போகும், தண்ணி உள்ள ஏறும், அத சரிக்கட்டவும் தனியா தெம்பு செலவாகணும்.

இன்னொண்ணு, கெண்டை இனத்து மீனுக்கு தோல் கிழிஞ்சா ஒரு பொருள் தண்ணில கலக்கும், அத மோந்ததும் மத்த மீனெல்லாம் மெரண்டு ஒதுங்கிடும். தேனீ ஆராய்ச்சிக்காக 1973ல நோபல் வாங்குன கார்ல் வான் ஃப்ரிஷ் 1938லயே இத எழுதியிருக்கார். அப்ப பறவை அலகுலேர்ந்து நழுவி விழுற ஒவ்வொரு மீனும் சுத்தி இருக்குற கூட்டத்தையே பயமுறுத்திட்டுதான் போகுது.

எங்க குட்டைல இது தீவனத்துல தெரிஞ்சுது. மிதவைத் தீவனம் போட்டா கட்லா மேல வந்து வாயத் தொறந்து எடுக்கணும், ஆனா காத்து ஒதுக்குன மூலைல உருண்டை எல்லாம் ஊதிப்போய் அப்படியே கெடக்கும். மீன் அடில பதுங்கிக் கெடக்கும், விடியக்காலத்துல அடித்தண்ணிலதான் ஆக்சிஜன் ரொம்பக் கம்மி, மீந்த தீவனம் அழுகி அமோனியா வேற. வீச்சு வலை போட்டு எடுத்துப் பாத்தா முதுகுல ரெண்டு பக்கமும் அலகுத் தடம், செதில் உதிர்ந்த எடத்துல பஞ்சு மாதிரி பூஞ்சை. பாக்கவே மனசு கேக்காது.

வலை போட்டதும் ஒரே நாள்ல எல்லாம் மாறல, கம்பம் நடுற ஆளுங்க நடமாட்டத்துக்கே மீன் மெரண்டு கெடந்துச்சு. அப்புறம் மெதுவா கட்லா மேல வர ஆரம்பிச்சுது, இப்ப தீவனம் விழுந்த எடத்துலயே தண்ணி கொதிக்குது. பறவை வருதா வரலையான்னு பாக்காதீங்க, மீன் மேல வந்து தின்னுதான்னு பாருங்க, வலை வேலை செய்யுதான்னு அதுலதான் தெரியும்.

ஒரு மார்க் ஏன் கொறச்சேன்னா, மழைல நடுவுல தொங்கிடுது, இழுத்துக் கட்டிக்கிட்டே இருக்கணும். தண்ணிய தொடுற அளவுக்குத் தொங்குனா கொக்கு அது மேலயே நின்னு கொத்தும். நாரை கரை வழியா நடந்து வரும், அதனால பக்கவாட்டுலயும் வலை வேணும், இத கடைல யாரும் சொல்றதில்ல. நீர்நாய், தண்ணிப் பாம்புக்கு இந்த வலை பத்தாது.

விலை கம்மின்னு தங்கூசி (கண்ணாடி மாதிரி மெல்லிய ஒத்தை நைலான் இழை) வலை மட்டும் போட்றாதீங்க. பறவை கண்ணுக்குத் தெரியாம வந்து சிக்கி ரெக்க ஒடிஞ்சு சாகும், பாவம், 1972 வனவிலங்கு சட்டப்படியும் பிரச்சனை, அது துடிக்கிற துடிப்புல கீழ இருக்குற மீனும் அலறும். வெடி வெடிக்கிறதும் வேணாம், கெண்டை இனத்துக்கு காத்துப்பையையும் உள்காதையும் இணைக்கிற குட்டி எலும்பு இருக்கு, சத்தம் நல்லாவே கேக்கும், பறவைய வெரட்டப் போய் மீனத்தான் வெரட்டுவீங்க. பறவை கொஞ்ச நாள்ல வெடிக்குப் பழகிடும்.

பெரிய குட்டைன்னா முழுசா மூட முடியாது, அங்க குறுக்க வரிசையா கயிறு கட்டுனா நீர்க்காகத்துக்கு ஓரளவு தடுக்கும், அது தண்ணில ஓடித்தான் எழும்பணும், கயிறு குறுக்க இருந்தா எறங்கவே யோசிக்கும். மீன்கொத்திக்கு இது வேலைக்காகாது. காசு கம்மியா இருந்தா மொதல்ல குஞ்சு வளக்குற நாற்றங்கால் குட்டைக்கு வலை போடுங்க, குஞ்சுக்குத்தான் ஆபத்து அதிகம். கடைல சொல்ற ரேட் வெறும் வலைக்கு மட்டும், கம்பம் கம்பி கூலி எல்லாம் தனி, கேட்டுட்டு வாங்குங்க.