மெலிந்த சர்க்கரை நோயாளிக்கு மாலையில் ராகிக் கஞ்சியா, வேர்க்கடலையா?

பெங்களூரில் வாழும் நம்மவர்களில், இரண்டாம் வகை நீரிழிவோடு உடலும் மெலிந்திருப்போர் பலர் இந்தத் தயக்கத்தில் இருக்கிறார்கள்.

சர்க்கரை: ராகி மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து உண்டு, நைசாக அரைத்துக் காய்ச்சினால் இரத்தச் சர்க்கரை விரைவாக ஏறும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வறுத்த வேர்க்கடலையில் மாவுச்சத்து சுமார் 5 கிராம்தான்.

எடை: அந்தக் கைப்பிடியே சுமார் 170 கலோரியும் 7 கிராம் புரதமும் தருவதால், சர்க்கரையை அதிகம் ஏற்றாமல் எடை கூட்ட விரும்புவோருக்குக் கடலையையே சொல்வேன்.

கால்சியம்: ராகியே முந்துகிறது.

பல் பலமில்லாத முதியவர்களுக்குக் கஞ்சியே வசதி. அளவைக் குறைத்து, மோரும் பொடித்த வேர்க்கடலையும் கலந்து குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்க்கட்டும்.

எடை காரணமின்றி இறங்கிக்கொண்டே போனால், அது இன்சுலின் பற்றாக்குறையாகவோ மாத்திரையின் விளைவாகவோ இருக்கலாம் என்பதால், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.