செத்தவர் பெயரில் சிம், மலைக்குப் பின்னால் டவர்

"நீங்கள் அழைத்த இலக்கத்தைத் தற்போது தொடர்புகொள்ள முடியாது." சிங்களத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம், ஆங்கிலத்தில் ஒருதரம். மெல்பர்னில் இருந்து அம்மாவுக்கு எடுக்கும்போதெல்லாம் இந்தக் குரல்தான் வரும். அம்மாவிடம் கேட்டால், "நான் எங்கடா போனேன், இங்கதான் இஸ்தோப்புல ஒக்காந்திருந்தேன், மணியே அடிக்கல" என்பார். இஸ்தோப்பு என்றால் வீட்டு முன் திண்ணை. கொழும்பிலிருந்து தம்பி எடுத்தாலும் இதே கதை. அம்மா போனைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார் என்று அவன் சாதித்துக்கொண்டே இருந்தான்.

இந்தத் தடவை ஊருக்குப் போனபோது ஒரே ஒரு வேலையைத்தான் முடிக்க நினைத்தேன். அம்மாவின் நம்பருக்கு எடுத்தால் அம்மாவின் போன் அடிக்க வேண்டும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது, அதை எழுத ஒன்றுமில்லை.

எங்கள் வீடு இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம், டவுனிலிருந்து தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இறங்கி ஸ்டோரை, அதாவது தேயிலை ஆலையைத் தாண்டி ஆற்றைப் பார்த்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. தம்பி புறக்கோட்டையில் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் போன். காம்பராவுக்குள், அதாவது வீட்டு அறைக்குள் வைத்துப் பார்த்தால் மேலே 4ஜி என்று காட்டுகிறது, ஒரு கோடு, சில நேரம் இரண்டு கோடு. வாட்ஸ்அப்பில் "சாப்டியா" என்று போட்டால் ஆறுதலாகவாவது போய்ச் சேருகிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து என் போனிலிருந்து எடுத்தால் அதே மூன்று மொழிக் குரல். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் "இப்பவாவது நம்புறியா" என்பது தெளிவாக இருந்தது.

சரி என்று மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெரிய டவுனில் இருக்கும் அந்தக் கம்பனியின் சேவை நிலையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், எல்லாக் கம்பனியின் கண்ணாடிக் கதவும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. உள்ளே போனதும் டோக்கன் எடுக்க வேண்டும், டோக்கன் மெஷின் வேலை செய்யவில்லை, அதனால் காவலாளி அண்ணன் ஒரு கொப்பித் தாளில் பெயர் எழுதிக்கொள்கிறார். தமிழ் பேசும் பிள்ளை ஒருவர்தான் இருக்கிறார், அவர் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார். வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள், பாதிப் பேர் கொழுந்துச் சாக்குக் கயிற்றுத் தடம் நெற்றியில் அழியாத அம்மாமார், ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். சுவரில் 5ஜி என்று ஆளுயரப் படம். அதில் ஒரு பையன் கண்ணாடி மாட்டிக்கொண்டு காற்றில் எதையோ பிடிக்கிறான்.

எங்கள் முறை வந்தது. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். 4ஜி வழியாகவே குரல் அழைப்பு வரும் வசதியை இந்த நம்பருக்குப் போட்டுப் பார்க்கலாம், சிம்மையும் மாற்றிவிட்டால் நல்லது என்றார். மாற்றுங்கள் என்றேன். அடையாள அட்டையைக் கேட்டார், அம்மா கொடுத்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "சேர், இந்த சிம் வேற ஒருத்தர் பேர்ல இருக்கு. அவர நேர்ல வரச் சொல்லுங்க" என்றார்.

அப்பா பெயரில் இருந்தது. அப்பா எப்படி நேரில் வருவார்?

மரணச் சான்றிதழ் இருந்தால் அம்மா பெயருக்கு மாற்றலாமாம். சான்றிதழ் வீட்டில். திரும்பி வந்து, இன்னொரு நாள் எடுத்துக்கொண்டு போனோம். இப்போது கல்யாணச் சான்றிதழும் வேண்டும். அதையும் கொண்டுபோனோம். மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்தபோதுதான் எங்கள் சனத்துக்கே உரிய வியாதி வெளியே வந்தது. அடையாள அட்டையில் அப்பா பெயருக்கு நடுவில் ஒரு எழுத்து கூட, கல்யாணச் சான்றிதழில் முதலெழுத்தே வேறு, மரணச் சான்றிதழில் அவருடைய அப்பாவின் பெயரை இவருடைய பெயராக எழுதியிருக்கிறார்கள். தோட்டத்து ஆபீசில் கிளாக்கரையா காதில் விழுந்தபடி எழுதியது ஒன்று, ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் எழுதியது ஒன்று, அதை இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றியது ஒன்று. மலைநாட்டில் பிறந்த யாருக்கும் இது புதிதல்ல, பாஸ்போர்ட் எடுத்தவர்கள் எல்லோரும் இந்த மிதி மிதிபட்டவர்கள்தான். ஆனால் மாதம் சில நூறு ரூபாய் ரீலோட் போடும் ஒரு சிம்முக்காகவும் அதே மிதியா? இந்த மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். கிராம சேவகருக்குத் தோட்டத்தில் இருப்பவர்களைத் தெரியாது, தோட்டத்து ஆபீசில் கடிதம் வாங்கி வந்தால் அவர் கடிதம் தருவார்.

நம்பரை விட்டுவிட்டு அம்மா பெயரில் புது சிம் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த நம்பர்தான் அம்மாவின் வங்கிப் புத்தகத்தில், கிளினிக் கொப்பியில், அஸ்வெசும என்ற அரசு உதவிப்பண விண்ணப்பத்தில், எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் போனிலும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 2001 ஆம் ஆண்டிலிருந்தே ஒரு கம்பனி பிடிக்கவில்லை என்றால் அதே நம்பரோடு மற்றக் கம்பனிக்குப் போகலாம், தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மாறிவிடும். இலங்கையில் அது வருகிறது வருகிறது என்று பேசிப் பேசியே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. விளைவு என்னவென்றால் எங்கள் லயத்தில் எல்லோரிடமும் இரண்டு சிம், சிலரிடம் மூன்று. ஒன்று நம்பருக்காக, ஒன்று டேட்டாவுக்காக, ஒன்று மழை நாளில் எடுக்கும் என்பதற்காக.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். கடிதத்துக்கு அலைந்து வெறுத்துப்போய் மஸ்கெலியா டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ரீலோட் போட்டு, உடைந்த போனைத் திறந்து பார்த்து, போட்டோக்கொப்பியும் அடித்துத் தரும் ஒரு சின்னக் கடைக்குள் சும்மா நுழைந்தேன். இருபது வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி:

"அண்ணே, வீடு ஸ்டோருக்கு மேலயா, கீழயா?"

"கீழ. ஆத்தப் பாத்த லயம்."

"அப்ப 4ஜி எட்டிப் பாக்கும், ஆனா பேசாது."

அத்தனை பெரிய சேவை நிலையத்தில் ஒருவர்கூட வீடு எங்கே என்று கேட்கவில்லை. இவன் போனை வாங்கி, நட்சத்திரம் ஹேஷ் நட்சத்திரம் ஹேஷ் 4636 என்று ஏதோ அடித்தான், ஒரு மறைவான பக்கம் திறந்தது, அதில் நெட்வொர்க் வகை என்ற இடத்தைத் தொட்டு "ஜீஎஸ்எம் ஒன்லி", அதாவது பழைய 2ஜி மட்டும் என்று மாற்றினான். மேலே 4ஜி போய் வெறும் கோடுகள் வந்தன. "இனி மணி அடிக்கும், வாட்ஸ்அப் மட்டும் வராது. அதுக்கு இன்னொரு சிம்மப் போட்டு, பிள்ளைக்காம்பராகிட்ட போய் பாக்கச் சொல்லுங்க" என்றான். பிள்ளைக்காம்பரா என்பது தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். காசு வேண்டாம் என்றான். நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு இஸ்தோப்பில் வைத்து எடுத்துப் பார்த்தால், அடித்தது.

விஷயம் இதுதான். இந்தப் போனில் 4ஜி இணையத்துக்கு மட்டும்தான். குரல் அழைப்பு வந்தால் அது பழைய 3ஜி-க்கோ 2ஜி-க்கோ கீழே இறங்கி வந்து பேச வேண்டும். டவுனில் அது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். எங்கள் பள்ளத்தில் எங்கோ தூரத்து டவரின் 4ஜி இழை ஒன்று வந்து போனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அழைப்பு வரும்போது இறங்கப் பார்த்து வழுக்கி விழுகிறது, எடுப்பவருக்கு அந்த மூன்று மொழிக் குரல். 900 மெகாஹேர்ட்ஸில் வரும் பழைய 2ஜி, மேலே உள்ள அலைவரிசைகளைவிட மலை மடிப்புகளைத் தாண்டி நன்றாக வரும். ஆக, புதுப் போன் வாங்கிக் கொடுத்து, அதைப் பட்டன் போனாக மாற்றியதும்தான் அம்மா எங்களுக்குக் கிடைத்தார்.

சிரிப்பாக இருக்கிறது, ஆனால் தெற்காசியாவிலேயே முதலாவது செல்லிடப் பேசி வலையமைப்பு 1989 இல் இலங்கையில்தான் வந்தது, செல்டெல். 1995 இல் டயலொக் கம்பனி ஜீஎஸ்எம் கொண்டுவந்தது, 2006 இல் 3ஜி, அதுவும் தெற்காசியாவில் முதல். எல்லாம் கொழும்புக்கு முதல், எங்களுக்குக் கடைசி. எங்கள் லயத்துக்கு முதல் வந்தது செல்போனே அல்ல, கூரைக்கு மேல் கம்பத்தில் அன்டெனா கட்டிய, சீடிஎம்ஏ என்ற கம்பியில்லா வீட்டுப் போன். அதற்கு முன்னால் ஒரு சாவுச் செய்தி சொல்வதென்றால் தோட்டத்து ஆபீசுக்கு எடுத்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் யாராவது பெயரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சீடிஎம்ஏ போனில் மழைக்கு இரைச்சல் வரும், ஆனால் அடிக்கும். ஐந்து கம்பனி போட்டி போட்ட காலமும் இருந்தது. எடிசலாட்டை 2018 இல் ஹட்ச் எடுத்துக்கொண்டது, எயார்டெல்லை 2024 இல் டயலொக் எடுத்துக்கொண்டது, இப்போது மூன்று. போட்டி என்பது டவுனில் இருப்பவர்களுக்குத்தான். எங்களுக்கு உங்கள் கம்பனியைத் தீர்மானிப்பது விலையுமல்ல, ஜீ-யுமல்ல, உங்கள் வாசல் எந்த மலையைப் பார்க்கிறது என்பதுதான்.

வயிற்றெரிச்சல் வேறொன்று. 2003 இல் சர்வதேச அழைப்புகளை ஸ்ரீலங்கா டெலிகொம்மின் தனியுரிமையிலிருந்து எடுத்து நிறையக் கம்பனிகளுக்குத் திறந்துவிட்டபோது, வெளிநாட்டிலிருந்து உள்ளே வரும் அழைப்புகளுக்கு நிமிடக் கணக்கில் ஒரு அபிவிருத்திக் கட்டணமும் வந்தது, கிராமப்புறங்களுக்குத் தொலைத்தொடர்பு கொண்டுபோக. அதாவது நாங்கள் மெல்பர்ன் கடைகளில் போன் கார்ட் வாங்கிச் சுரண்டி, பின் நம்பர் அடித்து அழுது பேசிய நிமிடங்களிலும் எங்கள் மலைக்கான டவர் காசு கொஞ்சம் இருந்திருக்கிறது. அது எந்த மலையில் முளைத்தது என்று கேட்க ஆசை. 2018 வரவுசெலவுத் திட்டத்தில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர டவர் ஒன்றுக்கு மாதம் 200,000 ரூபாய் வரி போடலாம் என்று முன்மொழிந்தார். டவுன் டவருக்கு அது தாங்கும், நானூறு குடும்பத்துக்கு ஒரு டவர் போட நினைப்பவன் அந்தக் கணக்கைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடுவான்.

அவுஸ்திரேலியாவை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. அங்கே 2024 ஒக்டோபர் 28 இல் டெல்ஸ்ட்ரா, ஒப்டஸ் என்ற போன் கம்பனிகள் 3ஜி-யை மூடத் தொடங்கின. 000 அவசர எண்ணுக்கு 4ஜி வழியாகப் பேச முடியாத போன்களை வலையமைப்பிலேயே சேர்க்கக் கூடாது என்பது விதி. நல்ல போன் போலத் தெரிந்த பல போன்கள் ஒரே நாளில் பொம்மையாகின. ஆனால் அங்கே மூடுவதற்கு முன் வருடக்கணக்கில் செய்தி அனுப்பினார்கள். நாட்டுப்புறத்தில் ஒப்டஸும் இன்னொரு கம்பனியான டிபிஜி-யும் ஒரே வலையமைப்பைப் பங்குபோட்டுக்கொள்ளப் போட்டி ஆணையம் குறுக்கே நிற்கவில்லை, 2025 ஜனவரியிலிருந்து அது நடக்கிறது. எங்கள் ஊரில் டவுனுக்கு மேலே உள்ள ஒரே மலை உச்சியில் டவர்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நிற்கின்றன, மறுபக்கம் இறங்கினால் ஒன்றும் இல்லை. கொரோனாக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் ஏழாம் நம்பர் மலைப் பாறையில் குடை பிடித்து ஒன்லைன் வகுப்புப் படித்ததை மறந்துவிட்டார்களா தெரியவில்லை.

2025 நவம்பரில் டித்வாப் புயல் வந்து மலைநாடு சரிந்தபோது ரோடும் போனும் சேர்ந்தே போயின. அந்த நாட்களில் நான் மெல்பர்னில் உட்கார்ந்து எடுத்த அழைப்புகளைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்துவிட்டதே என்று ஒரு நண்பர் சொன்னார். வந்துவிட்டது. நாட்சம்பளக்காரர் வீட்டுக் கூரைக்கா?

இப்போதைக்கு நிலைமை: அம்மாவின் பழைய நம்பர் 2ஜி-யில் அடிக்கிறது. இரண்டாவது சிம்முக்கு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளைக்காம்பராப் பக்கம் போய் வீடியோவில் பேசுகிறார், பக்கத்தில் நாலைந்து பேர் அவரவர் பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருப்பதும் சேர்ந்து கேட்கிறது. பெயர் மாற்றும் கடிதம் தோட்டத்து ஆபீசில் கையெழுத்துக்குக் கிடக்கிறது, பெரிய கிளாக்கர் லீவாம். சித்திரைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள்: வீட்டில் உள்ள சிம் ஒவ்வொன்றும் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், அப்பா பெயரில் இருந்தால் அவர் நடமாடும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு போய் மாற்றிவிடுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போங்கள்.