சுரங்கம் வருமுன் ஓடையை அளக்க ஒரு கையடக்க மீட்டர்

எங்கள் ஓடைக்கு மேற்புறம் தாமிரச் சுரங்கம் தோண்ட விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வெறும் பயத்தை மட்டும் சொல்லிவிட்டு வரக்கூடாது, கையில் எண்கள் இருக்க வேண்டும் என்றுதான் இந்த மீட்டரை வாங்கினேன். பி.எச். (நீரின் அமில, காரத் தன்மை; 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்), மின் கடத்துதிறன் (நீரில் கரைந்த உப்புகள் கூடக் கூட இது ஏறும்), வெப்பநிலை மூன்றையும் காட்டும். சட்டைப்பையில் அடங்கும். மழைக்காலம், கோடை இரண்டிலும் பயன்படுத்திவிட்டேன்.

இதில் அருமையான பகுதி கடத்துதிறன்தான். தாமிரத் தாதுவோடு பெரும்பாலும் இரும்பு சல்பைடும் சேர்ந்தே கிடக்கும். பாறையை உடைத்துக் குவித்ததும் காற்றும் தண்ணீரும் பட்டு அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகிறது. பாறையில் சுண்ணாம்பு இருந்தால் அது அமிலத்தைக் கொஞ்ச காலம் முறித்துக்கொண்டே இருக்கும், அதனால் பி.எச். 7-ஐ ஒட்டியே நிற்கும். ஆனால் அந்த அமிலத்திலிருந்து வரும் சல்பேட் என்ற உப்பு நீரில் கரைந்து வருவதால் கடத்துதிறன் ஏற ஆரம்பித்துவிடும். பி.எச். மட்டும் காட்டும் மலிவான பேனாவை வாங்கினால் இந்த முதல் எச்சரிக்கையே கிடைக்காது. இந்த மீட்டரில் கடத்துதிறன் சில நொடிகளில் நிலைத்துவிடுகிறது. வெப்பநிலைக்கான திருத்தத்தையும் தானே செய்துகொள்கிறது.

பி.எச். பகுதி அவ்வளவு சுகமில்லை. சுத்தமான ஓடை நீரில் உப்புகள் குறைவு, அளவு நிலைக்க நேரம் எடுக்கும். மீட்டரோ அதற்குள் 'நிலைத்துவிட்டது' என்று எண்ணைப் பூட்டிவிடுகிறது. அந்தத் தானியங்கிப் பூட்டை அணைத்துவிட்டு, எண் நகராமல் நிற்கும்வரை பொறுத்திருங்கள். அப்புறம், மூடிக்குள் எப்போதும் சேமிப்புத் திரவம் சில சொட்டு இருக்க வேண்டும். பி.எச். அளக்கும் முனை காய்ந்தாலும் கெடும், காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டாலும் கெடும். இதைக் கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கரைந்த உலோகத்தை இது தனியாகக் காட்டாது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் தாமிரம் கூடினாலே சால்மன் மீனின் மோப்பத் திறன் மங்கும். அந்த அளவுக்கு இந்த மீட்டரின் எண் அசையவே அசையாது. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்குத் தண்ணீர் தரும் ஓடைகளின் தலைமாட்டில் திட்டமிட்ட பெபிள் சுரங்கத்துக்கு, 2023 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தூய நீர்ச் சட்டத்தின்கீழ் தடை போட்டது. காரணம் சால்மன் வளரும் நீர்நிலைகள். அப்படிப்பட்ட வாதத்துக்கு ஆய்வகச் சோதனை வேண்டும். வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்த புட்டியில் மாதிரி எடுத்து அனுப்பியே ஆக வேண்டும். எந்த நாளில் மாதிரி எடுப்பது என்று முடிவுசெய்ய இந்த மீட்டர் உதவும்.

'நிறுவனமே நீர் அறிக்கை தருகிறதே, நாம் ஏன் அளக்க வேண்டும்' என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அனுமதிக்கு முன் சொன்ன கணிப்பையும் பின்னால் நடந்ததையும் ஒப்பிட்டது. விரிவாகப் பார்த்த 25 சுரங்கங்களில் 19-இல் நீர்த்தர வரம்பு மீறப்பட்டிருந்தது. விஸ்கான்சின் மாநிலம் 1998-இல் ஒரு சட்டம் போட்டது. 10 ஆண்டு இயங்கியும் தண்ணீரைக் கெடுக்காத சுரங்கத்தையும், மூடி 10 ஆண்டாகியும் கெடுக்காத சுரங்கத்தையும் உதாரணமாகக் காட்டினால்தான் இப்படி சல்பைடு கலந்த தாதுவைத் தோண்டும் சுரங்கத்துக்கு அனுமதி. 2017-இல் அதை நீக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் எல்லா இடத்திலும் இருக்க வேண்டிய விதி அது.

சுரங்கம் வருமுன் ஓடை எப்படி இருந்தது என்ற பதிவு இல்லையென்றால், பின்னால் 'இது இயற்கையாகவே இப்படித்தான்' என்று சொல்பவருக்குப் பதில் சொல்ல வழியில்லை. அதற்காகவே இதை வாங்கலாம் என்பேன். கூடவே மீட்டரைச் சரிபார்க்க, அளவு முன்பே தெரிந்த பி.எச். 4, 7 திரவங்களையும், கடத்துதிறனுக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் (கடத்துதிறனின் அலகு) திரவத்தையும் வாங்கிவிடுங்கள். அளக்கப் போகும் ஒவ்வொரு நாளும் அவற்றில் சரிபார்த்து, அந்த எண்ணையும் தேதி, நேரம், மழை விவரத்தோடு நோட்டில் எழுதுங்கள். உங்கள் கணக்கை மறுக்க நினைப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.