எட்டு வருஷமாக ஒரே ஆபீஸ் மெயில்: என் அனுபவம்

மதுரை பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். 2017-இல் ஜிஎஸ்டி வந்த கையோடு ஆபீஸுக்கென்று இலவச ஜிமெயில் கணக்கு ஒன்று திறந்தோம். இன்றைக்கும் அதேதான் ஓடுகிறது.

எங்கள் பக்கம் மெயில் அனுப்பினால் மட்டும் போதாது, போனும் போட வேண்டும். "அண்ணே, மெயில் போட்டிருக்கேன், பாத்துருங்க." ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சல். இப்போது நானே அப்படித்தான்.

வாட்ஸ்அப் இருக்கும்போது மெயில் எதற்கு என்று முதலாளி அடிக்கடி கேட்பார். அதற்கு என் பதில் இந்தச் சம்பவம்தான். ஒரு புஷ்ஷின் (வளையம் மாதிரியான பாகம்) டிராயிங்கைத் திருத்தி வாடிக்கையாளர் மெயிலில் அனுப்பியிருந்தார். சூப்பர்வைசர் அண்ணனோ தன் வாட்ஸ்அப்பில் கிடந்த பழைய படத்தைப் பார்த்தே 600 பீஸ் ஓட்டிவிட்டார். எல்லாம் ரிஜெக்ட். "எங்களுக்கு வரவே இல்லையே" என்று வாதாடலாம் என்று மெயிலைத் திறந்தால், எட்டு நாள் முன்னாடியே வந்து, யாரோ திறந்தும் பார்த்திருக்கிறார்கள்! சாட்சி எங்களுக்கு எதிராகத்தான் நின்றது. அன்றிலிருந்து மெயிலில் வந்த டிராயிங்கை பிரிண்ட் எடுத்து, தேதி எழுதி, மெஷின் பக்கத்தில் ஒட்டினால்தான் வேலை தொடங்கும்.

எனக்குப் பிடித்த வசதி, அனுப்பியதைத் திரும்பப் பிடிப்பது. அனுப்பிய பிறகு ரத்து செய்யக் கிடைக்கும் நேரம் செட்டிங்ஸில் 5 நொடியாக இருந்ததை 30 ஆக்கி வைத்தேன். இணைப்பு சேர்க்க மறந்த மெயில்கள் எத்தனையோ அதில் தப்பின.

பெரிய குறை, 15 ஜிபி இடம். மெயில், கூகுள் போட்டோ, ஃபைல் வைக்கும் டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அது. ஒரு சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் ஆர்டர் எதுவும் வரவில்லை. திருவிழா மந்தம் என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் ஒரு வாடிக்கையாளர் போனில், "என்ன சார், உங்களுக்கு அனுப்புற மெயில் எல்லாம் திரும்பி வருது?" என்றார். இடம் நிரம்பிவிட்டால் புது மெயில் உள்ளே வராது. அவர் கூப்பிடாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருப்போமோ!

தேடிப் பார்த்தால், முதலாளி தன் போனில் ஆபீஸ் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார். அழகர் ஆற்றில் இறங்கிய வீடியோக்கள் அத்தனையும் தானாக ஏறியிருக்கின்றன. பழைய பெரிய மெயில்களை அழித்து, டிராஷையும் காலி செய்து இடம் பிடித்தேன். வீடியோவை அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு, "அழகரைப் போய் அழிப்பாங்களாப்பா?" என்றார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.