இ-கோர்ட்ஸ் ஆப், அப்புறம் பெங்களூர் மீடியேஷன் சென்டர்: 11 வருஷ வழக்கு முடிந்த பிறகு எழுதுகிறேன்

அல்சூரில் இருக்கும் தாத்தா வீட்டில் பங்கு கேட்டு அம்மா 2013-ல் பாகப்பிரிவினை வழக்கு போட்டார். எதிர்த்தரப்பு வேறு யாருமில்லை, என் தாய்மாமாதான். 2024 கடைசியில்தான் முடிந்தது. அந்த அலைச்சலில் எங்களுக்கு உண்மையாக உதவியவை இரண்டு: ஒன்று கோர்ட் வழக்கு விவரங்களைப் போனிலேயே காட்டும் இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப், இன்னொன்று இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசிச் சமரசம் செய்யும் பெங்களூர் மீடியேஷன் சென்டர். சிவில் வழக்கில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் நடக்கிற நம்ம ஆட்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆப். முன்பெல்லாம் வாய்தா தேதி தெரிய வேண்டுமென்றால் வக்கீலின் ஜூனியருக்குப் போன் போட வேண்டும், அவர் எடுத்தால் உண்டு. இப்போது வழக்கின் சி.என்.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தருகிற தனி அடையாள எண்ணைப் போட்டால் போதும். எழுத்தும் எண்ணும் சேர்ந்து மொத்தம் 16 இருக்கும், கர்நாடக வழக்கென்றால் கே.ஏ. என்று தொடங்கும். அந்த எண் கையில் இல்லையென்றாலும் கட்சிக்காரர் பெயரும் வருஷமும் போட்டுத் தேடலாம். அடுத்த தேதி, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நீதிபதி போட்ட உத்தரவு எல்லாம் வந்துவிடும். காசு கிடையாது.

ஆனால் தேதி தெரிவதோடு நிறுத்திவிடாதீர்கள். கேஸ் ஹிஸ்டரி என்ற இடத்தில் ஒவ்வொரு தேதியையும் தொட்டால் அன்றைக்குக் கோர்ட்டில் என்ன நடந்தது என்று ஒன்றிரண்டு வரி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வரிசையாகப் படிக்க, அம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மொத்தம் 83 வாய்தா. மாமா தரப்பு நேரம் கேட்டது நிறைய, நீதிபதி லீவு, அந்தப் பதவியே கொஞ்ச நாள் காலி, இதெல்லாம் நாங்கள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, ஒன்பது தடவை எங்கள் வக்கீலே ஆஜராகவில்லை என்பது. அந்த ஒன்பது தடவையும் எங்களிடம் "அவங்க வாய்தா வாங்கிட்டாங்கம்மா" என்றுதான் சொல்லியிருந்தார்கள். அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவு நாளா தம்பியையே திட்டிட்டு இருந்தேனே" என்றார். எனக்கு இந்த ஆப்பின் மதிப்பு அந்த நிமிஷத்தில்தான் முழுசாகப் புரிந்தது.

சட்டத்தில் குறை இருக்கிறதா என்று பார்த்தால், காகிதத்தில் எல்லாமே இருக்கிறது. 1908-ம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி 2002 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பிரதிவாதி 30 நாளில் எதிருரை, அதாவது வழக்குக்கு எழுத்தில் பதில், போட வேண்டும், நீட்டித்தாலும் 90 நாள்தான். விசாரணை கட்டத்தில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது. அதை எதிர்த்து நம்ம சேலம் வக்கீல்கள் சங்கம்தான் உச்ச நீதிமன்றம் போனது. 2005 தீர்ப்பில், திருத்தங்கள் செல்லும், ஆனால் அந்த 90 நாள் கண்டிப்பான எல்லை இல்லை, நியாயமான காரணம் இருந்தால் நீதிபதி தாண்டலாம் என்று வந்தது. அரிதாகத் திறக்க வேண்டிய அந்தக் கதவு எங்கள் வழக்கில் எப்போதும் திறந்தே கிடந்தது. எதிருரை வரவே ஒன்றரை வருஷம் ஆனது. 2015-ம் வருஷத்து வணிக நீதிமன்றச் சட்டத்தில் மட்டும் 120 நாள் தாண்டினால் எதிருரையே ஏற்கப்படாது. கம்பெனிகளின் சண்டைக்கு வைத்த அந்தக் கண்டிப்பை வீட்டுக்காக அலைகிற வயசானவர்களின் வழக்குக்கும் ஏன் வைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

அப்புறம் மீடியேஷன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவுப்படி நீதிபதியே வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பலாம். எங்களிடம் பத்து வருஷம் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வக்கீலை மாற்றிய பிறகு நாங்களாகக் கேட்டு வாங்கினோம். மீடியேஷன் சென்டர் சித்தையா சாலையில் நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கிறது, 2007-லிருந்து நடக்கிறது. மேடை கிடையாது, கூண்டு கிடையாது, ஒரு மேஜையைச் சுற்றி நாற்காலிகள், அவ்வளவுதான். பயிற்சி பெற்ற ஒரு பெண் வக்கீல் மத்தியஸ்தராக இருந்தார். கன்னடத்தில் தொடங்கினார், மாமா தமிழில் பதில் சொன்னதும் அவரும் தமிழுக்கு மாறிவிட்டார். எங்களிடம் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

இரண்டாவது அமர்வில் மாமா சொன்னார்: "அம்மாவ ஆறு வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிட்டு அலைஞ்சேன்க்கா. நல்லா பாத்துக்கிட்டடான்னு நீ ஒரு வார்த்தை சொல்லல." கோர்ட்டில் கட்டுக்கட்டாகச் சேர்ந்த காகிதத்தில் இந்த ஒரு வரி எங்கேயும் இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். மத்தியஸ்தரும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார், அது பெரிய விஷயம். நாலு அமர்வில் பேசி முடித்தோம். வீடு மாமாவுக்கு, அம்மாவின் பங்குக்கு இரண்டு தவணையாகப் பணம். ஒப்பந்தம் கோர்ட்டுக்குப் போய் டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, ஆனது.

இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அரசு 2023-ல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்லதுதான், ஆனால் நீதிபதி நாற்காலி காலியாக இருந்தால் எந்த ஆப்பும் 'அடுத்த தேதி' என்றுதான் காட்டும். 10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே சொன்னது, இன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. தேசிய நீதித்துறைத் தரவுத் தளத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். தாமதத்துக்கான காரணங்களில் வக்கீல் வராதது தனி வரியாகவே இருக்கிறது.

ஆப்புக்கு ஐந்தில் நாலு. ஒன்றைக் குறைத்தது, வழக்கின் கட்டங்களை வக்கீல் பாஷையில் போட்டிருப்பதால் அம்மா மாதிரி ஆட்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்காக. மீடியேஷனுக்கு ஐந்துக்கு ஐந்து. பெரிய சச்சரவு இல்லாத பண விவகாரம் என்றால் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தையும் கேட்டுப் பாருங்கள், அங்கே முடிந்தால் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். ஆப்பில் சேமிக்கிற வழக்குப் பட்டியல் உங்கள் போனில் மட்டும்தான் இருக்கும், அதனால் போன் மாற்றும் முன்பு எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். சி.என்.ஆர். எண்ணை வழக்குக் கட்டின் மேல் அட்டையிலும் பெரிசாக எழுதி வையுங்கள்.