எஸ்4 என்றால் நாலாவது கியர் இல்லை: ஃபார்ச்சூனர் ஆட்டோமேட்டிக், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

டொயோட்டா ஃபார்ச்சூனர் 2.8 ஜிடி-6 ஃபோர் பை ஃபோர் ஆட்டோமேட்டிக்கில் லீவரை டி-யிலிருந்து பக்கவாட்டில் தள்ளினால் எஸ் விழும். மீட்டரில் 4 என்று எண் தெரியும். வண்டி நாலாவது கியரில் ஓடுகிறது என்றுதான் முக்கால்வாசிப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கியர் பெட்டி அப்போது இரண்டிலும் இருக்கலாம், மூன்றிலும் இருக்கலாம். நாலுக்கு மேல் ஏறக் கூடாது என்று நீங்கள் வரம்பு போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த வரம்புக்குள் மாற்றுவதெல்லாம் அதன் இஷ்டம்.

இதைப் புரிந்துகொள்ளாமல் வரும் குழப்பங்கள் பல. இங்கே தென்னாப்பிரிக்காவில், டொங்காட் பக்கம் மழைக்குப் பிறகு கரும்புத் தோட்டச் சேற்றில் சக்கரம் சுழலாமல் கிளம்ப எஸ்2 போடுகிறவர்கள் உண்டு. பயனில்லை, எஸ்2-இலும் வண்டி முதல் கியரில்தான் கிளம்பும். அங்கே காப்பாற்றுவது ஆக்ஸிலரேட்டரில் வைத்த காலின் நிதானம் மட்டுமே. பவர் மோடை அணைத்து ஈகோவைப் போட்டால் மிதிக்கு எஞ்சின் கொஞ்சம் மந்தமாகப் பதில் சொல்லும். சேற்றில் அந்த மந்தம் நல்லதே.

பத்து கியர் ஃபோர்டு ரேஞ்சரிலிருந்து இதற்கு மாறுகிறவர்கள் முதல் வாரம் கட்டாயம் தடுமாறுவார்கள். அதில் எம் போட்டு லீவர் பக்கத்திலுள்ள கூட்டல், கழித்தல் பொத்தானை அழுத்தினால், கேட்ட கியரையே பெட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். சுசுகி ஜிம்னியில் இந்தச் சிக்கலே கிடையாது: நாலு கியர், லீவரில் 2, எல் என்று எழுதியிருக்கும், முடிந்தது கதை.

ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள பேடில்களைப் பற்றி ஒரு வார்த்தை. டி-யில் இருந்தபடி கழித்தல் பேடிலைத் தட்டினால் கிடைப்பது தற்காலிக வரம்பு. கொஞ்ச நேரம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலோ வண்டி நின்றாலோ பழையபடி டி-க்கே போய்விடும். லாரியை முந்துவதற்கு வசதி. நீண்ட இறக்கத்துக்கு அதை நம்பாதீர்கள், லீவரையே எஸ்-க்குத் தள்ளுங்கள். கேரவனை இழுத்துக்கொண்டு என்3 நெடுஞ்சாலையில் ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு டவுன் ஹில் (Town Hill) என்ற சரிவில் இறங்கும்போது, இறக்கம் தொடங்கும் முன்பே எஸ்4, லாரிகள் ஊர்ந்தால் எஸ்3. வேகம் கூடிய பிறகு கழித்தலைத் தட்டினால் பஸர் அடித்து மறுத்துவிடும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழலாமல் காக்கும் ஏற்பாடு அது.

இனி சானி பாஸ், லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதை. ஹைம்வில் தாண்டி, தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியிலிருந்து உச்சி வரை சுமார் 8 கிலோமீட்டர்; உச்சி 2,876 மீட்டர். சாவடி தாண்டியதும், சமதரையாக ஒரு இடம் பார்த்து எல்4 (நாலு சக்கரமும் இழுக்கும் தாழ் விகிதம்) போட்டுவிடுங்கள். வண்டி முழுதாக நிற்க வேண்டும், காலில் பிரேக், லீவர் என்-இல், பிறகு குமிழை அழுத்தித் திருப்ப வேண்டும். விளக்கு சிமிட்டுவது நிற்கும் வரை லீவரைத் தொடக் கூடாது. அவசரப்பட்டு டி-க்கு இழுத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸில் (எச்4, எல்4 மாற்றும் துணைப் பெட்டி) பல் பொருந்தாமல் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். திரும்ப என்-க்கு வந்து பொறுத்திருங்கள். சரிவில் நின்றுகொண்டு செய்தால் பிரேக்கை விட்ட நொடியில் வண்டி உருளும். சமதரை கேட்பது அதற்காகத்தான்.

ஏற்றத்தில் டி போதும். 2020-க்குப் பிந்தைய எஞ்சினின் 500 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை 1,600 முதல் 2,800 ஆர்பிஎம் வரை கிடைக்கிறது. காற்று மெலிந்த உயரத்தில் ஆர்பிஎம் 1,500-க்குக் கீழே விழுந்தால் டர்போ விழிக்க நேரமாகும். கொண்டை ஊசி வளைவில் பெட்டி மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஊசலாடினால் மட்டும் எஸ்2.

இறக்கம்தான் ஆட்டோமேட்டிக்குக்குச் சோதனை. கணக்கைப் பாருங்கள்: முதல் கியர் 3.600, எல்4 விகிதம் 2.566, டிஃபரன்ஷியல் 3.909. பெருக்கினால் ஏறத்தாழ 36. 265/60 ஆர்18 டயரோடு 1,000 ஆர்பிஎம்-க்கு மணிக்கு 4 கிலோமீட்டர், 2,000-க்கு 8. மேனுவலில் முதல் கியர் இன்னும் ஆழமானது, கிளட்ச் இறுக்கிப் பிடிக்கும். ஆட்டோவில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டரின் எண்ணெய்தான் இருக்கிறது. அது வழுக்குவதால், எஸ்1 போட்டாலும் செங்குத்தான இடத்தில் வண்டி கணக்கைத் தாண்டி முன்னே நழுவும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், அதன் இயல்பே அப்படி. விட்டு விட்டு பிரேக் போடுங்கள், அல்லது டிஏசி (இறக்கத்தில் தானே பிரேக் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு) பொத்தானை அழுத்துங்கள். டிஏசி நாலு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடிக்கும்போது கரகரவென்று கேட்கும். பக்கத்தில் இருக்கிறவர் என்ன உடைந்தது என்று கேட்பார்.

டிஃப் லாக்கை (பின் சக்கரம் இரண்டையும் ஒரே வேகத்தில் சுழலப் பூட்டுவது) இறக்கத்தில் போட வேண்டாம். இந்த வண்டியில் பின் டிஃப் லாக் விழுந்ததும் ஏபிஎஸ் விலகிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் படாத வளைவுகளில் பனிக்கட்டி உறைந்திருக்கும், ஏபிஎஸ் இல்லாமல் அங்கே நிற்கக் கூடாது. ஏற்றத்திலும் முதலில் ஏ-டிஆர்சி (வீணே சுழலும் சக்கரத்தை பிரேக்கால் பிடிக்கும் ஏற்பாடு) வேலை செய்யட்டும். அது தோற்ற பிறகுதான் லாக்.

ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டால் பிரேக்கை அழுத்தமாக மிதித்தபடி நேராக ஆர் போடுங்கள். எல்4 ஆர்-இல் எஞ்சின் பிடிமானத்தோடு, ஸ்டியரிங்கை நேராக வைத்து மெல்லப் பின்னால் இறங்கலாம். என்-இல் உருள விடுவது மட்டும் கூடவே கூடாது.

மணல் வேறு விவகாரம். 2002 முதல் கடற்கரையில் ஓட்டத் தடை என்பதால் நம் ஊரில் மணல் என்றால் கோசி பே மாதிரியான காட்டுத் தடங்கள்தான். டயரில் 1.0 முதல் 1.2 பார். கெட்டியான தடத்தில் எச்4 (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண விகிதம்), எஸ்3. டி-யில் விட்டால், கால் லேசானதும் பெட்டி மேல் கியருக்குத் தாவும், மணல் வண்டியை இழுத்துப் பிடிக்கும், மறுபடி கீழே விழும். ஒவ்வொரு தாவலிலும் வேகம் போய்விடும். ஆழமான மணலில் யோசிக்காமல் எல்4, எஸ்4. எச்4-இல் குறைந்த வேகத்தில் மிதித்துக்கொண்டே போனால் கன்வெர்ட்டர் ஓயாமல் வழுக்கும், வழுக்கலெல்லாம் எண்ணெயில் சூடாக இறங்கும். கியர் எண்ணெய் வெப்ப விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி, பி போட்டு, எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். எஞ்சினை அணைத்தால் எண்ணெய் கூலருக்குப் போவதும் நின்றுவிடும்.

புதைந்துவிட்டால் டி-ஆர் என்று மாற்றி மாற்றி ஆட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சக்கரம் முழுதாக நின்ற பிறகே லீவரை மாற்ற வேண்டும். சுழலும்போதே மாற்றினால் உள்ளே கிளட்ச் தகடுகள் கருகும். நாலைந்து முறைக்கு மேல் அசையவில்லையா, மண்வெட்டியை எடுங்கள்.

சரிவில் நிறுத்தும்போது வரிசை முக்கியம்: கால் பிரேக், என், ஹேண்ட் பிரேக், கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்ததும் மறுபடி கால் பிரேக், பிறகு பி. நேரே பி போட்டால் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பாரமும் ஒரு சின்ன கொக்கியில் தொங்கும். கிளம்பும்போது டங்கென்று அடிப்பது அதுதான்.

பேட்டரி செத்தால் லீவர் பி-யை விட்டு வராது. பக்கத்திலுள்ள சிறு மூடியை நெம்பி, உள்ளிருக்கும் ஷிஃப்ட் லாக் பொத்தானை அழுத்தி எடுக்கலாம், ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு. தள்ளி ஸ்டார்ட் செய்ய ஆட்டோமேட்டிக்கில் வழியில்லை, ஆகவே ஜம்பர் கேபிள் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

கியர் எண்ணெய் ஆயுள் முழுக்க வரும் என்று சில சர்வீஸ் மையங்கள் சொல்வதை மணலிலும் மலையிலும் ஓட்டுகிறவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 80,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள், கேரவன் இழுத்தால் இன்னும் முன்னதாக. டொயோட்டா டபிள்யூஎஸ் எண்ணெய் மட்டும். வடிகால் போல்ட்டைத் திறந்தால் கொஞ்சம்தான் இறங்கும், மீதி கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அளவு பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது: வண்டி சமமாக நிற்க, எஞ்சின் ஓட, எண்ணெய் சுமார் 40 டிகிரியில் இருக்கும்போது வழிந்தோடும் துளையில் பார்க்க வேண்டும். 700 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் இறங்கலாம் என்பது கணக்கு. அதைத் தாண்டி இறங்கியிருந்தால், வீடு திரும்பியதும் அந்தத் துளையிலிருந்து சில துளி எடுத்துப் பாருங்கள். பாம்பே கிரஷ் (ரோஸ் பால்) நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது, அதற்குப் பிறகு வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.