மலையகத்து மென்நீருக்கு எது பொருந்தும்? பி.எச் நிறுத்தும் வழிகள், ஓர் ஒப்பீடு

மண்ணில்லாமல் தொட்டியில் உரக் கரைசலில் பயிர் வளர்க்கும்போது அதன் பி.எச்சை (கரைசலின் புளிப்பைக் காட்டும் அளவு; 7க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்தில் அப்படிச் சலாது வளர்ப்பவர் சொல்லும் யோசனையை நுவரெலியாப் பக்கத்துக் கந்தப்பளையில் அப்படியே செய்தால் சரிவராது. யாழ்ப்பாணத்தில் அடியில் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரில் இருகாபனேற்று (அமிலத்தை அடக்கும் உப்பு) நிறைய இருப்பதால் அமிலம் விட விட விழுங்கிக்கொண்டே இருக்கும். நம் பக்கத்துப் பாறை வேறு. பீலியில் (மலை ஊற்றுக் குழாயில்) வரும் தண்ணீர் பெரும்பாலும் மென்நீர், அதாவது சுண்ணாம்புச் சத்து குறைந்த நீர். அமிலத்தைத் தாங்கும் சரக்கு அதில் குறைவு. கை கொஞ்சம் தாராளமாகப் போனாலே பி.எச் சடாரென்று விழுந்துவிடும். பயிர் கேட்பது 5.5 முதல் 6.5 வரை. இறக்குவது இங்கே சுலபம். இறக்கிய இடத்தில் நிற்கவைப்பதுதான் பாடு. மாத்தளை, திகன பக்கத்தவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். டொலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்) வெட்டும் ஊர்களில் கிணறு கடினநீராக இருக்கலாம், முதலில் சோதித்துப் பாருங்கள்.

இறக்குவதற்குக் கடைகளில் கிடைப்பவை பொஸ்போரிக் அமிலமும் நைத்திரிக் அமிலமும். எது நல்லது என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். லீற்றருக்கு 250 மில்லிகிராம் காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் அந்தச் சரக்கின் அளவு, கல்சியம் காபனேற்றுக் கணக்கில்) உள்ள கிணறு என்றால் அதை அடக்க லீற்றருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல் அமிலம் வேண்டும். அதைப் பொஸ்போரிக்கில் கொடுத்தால் லீற்றருக்கு 155 மில்லிகிராம் பொசுபரசு ஏறிவிடும். சலாதுக்கு அது பல மடங்கு அதிகம். அங்கே நைத்திரிக்தான் வழி. நம் தண்ணீரில் காரத்தன்மை 20 என்றால் பொஸ்போரிக்கால் ஏறுவது 12 மில்லிகிராம்தான். பயிர் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். கையாளவும் நைத்திரிக்கை விடப் பொஸ்போரிக் சாது. ஆகவே மலையகத்துக்கு என் வாக்கு பொஸ்போரிக்குக்கே. போத்தலில் இருந்து நேராகத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வாளித் தண்ணீரில் சிறிது அமிலத்தை விட்டு ஐதாக்கி (அமிலத்தைத்தான் தண்ணீருக்குள் விட வேண்டும், தண்ணீரை அமிலத்துக்குள் அல்ல) அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, சித்திரிக் அமிலம் மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கலாம். ஊற்றியவுடன் பி.எச் அழகாக இறங்கும். அப்புறம் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்னத் தொடங்கும், பி.எச் திரும்ப ஏறும், குழாய்க்குள் வழுவழுப்பும் படியும். நுவரெலியாக் குளிரில் இது கொஞ்சம் தாமதமாகும், ஆனால் நடக்கும். வீட்டு முற்றத்தில் நாலு செடிக்குப் பரவாயில்லை. விற்பனைக்கு வளர்ப்பவருக்கு வேலைக்காகாது.

ஏற்றுவதற்கு வந்தால், அப்பச் சோடாவை முதலில் ஒதுக்குங்கள். அதிலுள்ள சோடியத்தைச் செடி கேட்பதில்லை. திரும்பத் திரும்பச் சுற்றும் கரைசலில் அது சேர்ந்துகொண்டே போகும். அடுப்புச் சாம்பல் கொல்லைக்கு நல்லது, தொட்டிக்கு வேண்டாம். எந்த விறகு எரிந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பிடியும் ஒவ்வொரு மாதிரி. பொற்றாசியம் இருகாபனேற்று விலை கூடினாலும் கணக்கு தெளிவு: 200 லீற்றருக்கு 20 கிராம் போட்டால் லீற்றருக்கு 50 மில்லிகிராம் காரத்தன்மையும் 39 மில்லிகிராம் பொற்றாசியமும் சேரும். அதுவும் நிரந்தரக் காவல் இல்லை. காற்று ஊதும் தொட்டியில் 6க்குப் பக்கத்தில் அது காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும். டொலமைட்டைத் துணியில் கட்டித் தொங்கவிடுவதும் ஒரு வழி. பி.எச் விழ விழ அது கரையும், அந்த மட்டில் புத்திசாலிதான். ஆனால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. 7ஐத் தாண்டிப் போனால் இரும்புச்சத்து செடிக்கு எட்டாமல் இளம் இலை நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் மாறும்.

இந்த எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது உரத்தைக் கொண்டே பிடித்து நிறுத்துவது. வேர் நைத்திரேற்றை உறிஞ்சினால் பி.எச் ஏறும், அமோனியத்தை உறிஞ்சினால் இறங்கும். ஆக நைத்திரேற்றே பெரும்பங்காக உள்ள கரைசலில் சிறிது அமோனியம் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். தேயிலைக்குப் போடும் அமோனியம் சல்பேற்றே போதும்: 200 லீற்றருக்கு 10 கிராம், அதாவது லீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் நைதரசன். பி.எச் தினமும் ஏறும் தொட்டிக்கு மட்டும் இது. ஏற்கெனவே இறங்கும் தொட்டியில் போட்டால் 4ஐயும் தொடலாம். அல்பர்ட் கரைசல் (கடையில் வாங்கிக் கரைக்கும் ஆயத்த உரக் கலவை) பாவிப்பவர்கள் முதலில் சில நாள் பி.எச்சை எழுதிவைத்து, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.

தொட்டி விஷயத்தில் போட்டியே இல்லை. புதுச் சீமெந்துத் தொட்டியின் சுண்ணாம்பு மென்நீரில் கசிந்து பி.எச்சை மேலே தூக்கும். பிளாஸ்ரிக் தாங்கி அப்படிச் செய்யாது. முடிந்தவரை பெரிய தாங்கியாக வாங்குங்கள். ஒரு செடிக்கு விழும் தண்ணீரின் பங்கு கூடக்கூட ஆட்டம் குறையும்.

அளக்கும் சாமானிலும் வித்தியாசம் உண்டு. புரோமோதைமோல் நீலச் சொட்டு மருந்து (பி.எச்சுக்கு ஏற்ப நிறம் மாறுவது) மலிவுதான், ஆனால் 6க்குக் கீழே எல்லாமே மஞ்சள். 5.8க்கும் 4.8க்கும் அதில் ஒரே நிறம். நமக்கு வேண்டிய எல்லையே அங்கேதான் இருக்கிறது. பி.எச் மீட்டரை 4, 7 என்ற இரண்டு கரைசலாலும் சரிசெய்து பாவியுங்கள். வெறும் பீலித் தண்ணீரில் மலிவு மீட்டரின் இலக்கம் நிலைகொள்ளாமல் ஓடும். உப்பு குறைந்த நீரில் அது இயல்பு. பிடித்த உடனேயும் அளக்க வேண்டாம். ஊற்று நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறினால் பி.எச் தானாகவே ஏறும். இரவு தாங்கியில் விட்டு, காலையில் உரம் கரைத்து, அதன் பிறகு மீட்டரை நனையுங்கள். அமிலப் போத்தலை அதுவரை திறக்கவே வேண்டாம்.